எழுத்தைக் கும்பிடுகிறவர் எழுத்தறியாதவர் அல்லர்

மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பேச்சு இலங்கைத் தமிழரிடையே மிகப் பழையது. சம்பந்தம் பேசும்போதும், உத்தியோகத்தில் இடமாற்றம் வரும்போதும் அரைச் சிரிப்போடு அதைச் சொல்லுவார்கள். எங்கள் ஆட்கள் சிலர், அது எங்கள் விருந்தோம்பலைப் புகழ்ந்து சொன்னது என்று விளக்கம் கொடுத்துச் சமாளிப்பதுண்டு. அந்தச் சமாளிப்பு எனக்கு உடன்பாடில்லை. சொல்லுகிறவர் மனத்தில் இருப்பது விருந்து அல்ல. செப்புத் தகடும் மந்திரித்த நூலும்தான். படிப்பில் பின்தங்கிய சனம் வசியத்தாலும் சூனியத்தாலும் பிழைக்கிறது என்பதே அந்தப் பேச்சின் கருத்து.

இன்று அதே கருத்து படித்தவர் வாயில் மரியாதையான சொற்களோடு வருகிறது. பகுத்தறிவு பேசும் ஆசிரியர், எழுத்து என்பது ஒலிக்கு இட்ட குறி, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்கிறார். ஆகமம் கற்று வந்த சைவர், பத்ததி பார்த்துச் சடங்கு செய்யும் கட்டாடியாரின் ஏட்டைப் பிழை மலிந்த பழசு என்று ஒதுக்குகிறார். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் மருதமுனையிலும் தௌஹீத் பேசுகிற தம்பிமார், லெப்பை எழுதிக் கொடுத்த இஸ்முத் தகட்டை ஷிர்க், இறைவனுக்கு இணைவைப்பு, என்று அறுத்தெறியச் சொல்கிறார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இந்த மூவரும் ஒன்றில் மட்டும் ஒரே குரலில் பேசுகிறார்கள்: எழுத்தைப் புனிதமாகக் கொள்வது எழுத்தறியாதவர்களின் பழக்கம். இது வரலாற்றுக்கும் பொருந்தாது, அவரவர் சமயத்துக்கும் பொருந்தாது.

முதலில், எழுத்தறியாதவர் யார் என்பதைப் பார்ப்போம். ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கண்ணகியம்மன் கோயில்கள் இருக்கின்றன. செட்டிபாளையம், மகிழூர் என்று வந்து, வாவிக்குத் தெற்கே காரைதீவு, தம்பிலுவில் வரை அந்த வரிசை நீளும். வைகாசியில் கதவு திறந்து, பூரணையை ஒட்டிக் குளிர்த்திப் பாட்டோடு சடங்கை முடிக்கும் நாட்களில் அங்கே கண்ணகி வழக்குரை படிக்கப்படுகிறது. வி. சீ. கந்தையா அதை 1968 இல் பதிப்பித்து அச்சில் தந்தார். அதற்கு முன் அது பெரும்பாலும் ஏட்டில்தான் இருந்தது. ஏட்டை வாசிப்பது என்றால் என்னவென்று இன்றைய பட்டதாரிக்கே தெரியாது. ஓலையில் புள்ளி கிடையாது. ஓலை கிழியும் என்று புள்ளி குத்தமாட்டார்கள். ரகரமும் காலும் ஒரே வடிவம். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. சொல்லையும் சந்தத்தையும் கதையையும் ஒருசேர அறிந்தவர் மட்டுமே அதைப் பிழையின்றி வாய்விட்டுப் படிக்க முடியும். அந்த ஏட்டைக் கழுவி வாய்கட்டித் தொட்ட கை எழுத்தறியாத கை அல்ல. ஊரிலேயே எழுத்தில் அதிகம் பழகிய கை அதுதான். பத்ததி ஏட்டை வைத்திருந்த கட்டாடியாரும், வாகட ஏட்டை வைத்திருந்த பரிகாரியாரும், கூத்துக் கொப்பியை வைத்திருந்த அண்ணாவியாரும், கிதாபு வைத்திருந்த லெப்பையும் தத்தம் ஊரின் வாசகர்கள். எழுத்தைப் புனிதமென்று போற்றியவர்களும் இவர்களே.

காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்தரை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். கண்ணகி கோயிலுள்ள ஊர்ப் பிள்ளை, இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்று, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக உழைத்து, 1947 இல் யாழ் நூலை அரங்கேற்றினார். கண்ணகியைக் கும்பிடுகிற ஊருக்கும் கண்ணகியின் காப்பியத்தில் சுரக் கணக்குத் தேடிய ஆராய்ச்சிக்கும் நடுவில் மதில் இருந்ததாக அவர் வாழ்க்கையில் எனக்குத் தெரியவில்லை. மதிலைக் கட்டியவர்கள் பிறகு வந்த நாங்கள்.

எழுத்தைப் புனிதமாகக் கொண்டு, அதனாலேயே உலகில் மிகக் கூடுதலாக வாசிக்கிறவர்கள் என்று பெயரெடுத்த ஒரு சமூகத்தை இனிப் பார்ப்போம். யூதர்களின் எபிரேய எழுத்து 22. அறுகம்பையில் இஸ்ரேலியப் பயணிகளுக்காகக் கடைவாசல்களில் எபிரேயப் பலகைகள் தொங்கத் தொடங்கியதிலிருந்தும், 2024 ஒக்ரோபரில் அங்கே எழுந்த பாதுகாப்புப் பதற்றத்திலிருந்தும், எங்கள் பக்கத்தில் பலருக்கு அந்த எழுத்தைக் கண்டதும் ஓர் அரசின் நினைவுதான் வருகிறது. காஸாவைப் பார்த்த நெஞ்சில் அந்தக் கோபம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த எழுத்து அந்த அரசைவிட இரண்டாயிரம் ஆண்டு மூத்தது. கொல்லத்தில் கி.பி. 849 இல் தரிசாப்பள்ளி என்ற கிறித்தவக் கோயிலுக்குக் கொடுத்த செப்பேட்டில், வட்டெழுத்தில் பொறித்த நம் பழைய மொழிக்குப் பின்னால், சாட்சிகள் மூன்று எழுத்துகளில் கையொப்பம் இட்டிருக்கிறார்கள்: அறபு, பகலவி, எபிரேயம். நம் கடலோரத்தில் பதினொன்றரை நூற்றாண்டுக்கு முன்பே சாட்சி சொன்ன எழுத்து அது.

அந்த 22 எழுத்தால் உலகம் படைக்கப்பட்டது என்கிறது செஃபர் யெட்சிரா என்ற அவர்களுடைய பழைய நூல். ஆலெஃப், மேம், ஷின் என்ற மூன்றும் தாய் எழுத்துகள். காற்று, நீர், நெருப்பு. இரட்டை ஒலியுள்ள ஏழும் ஏழு கோள்கள், ஏழு நாட்கள். எஞ்சிய பன்னிரண்டும் மாதங்கள், இராசிகள். பகுத்தறிவாளர் இதைக் கேட்டதும் சிரிப்பார். சிரிக்கட்டும். ஆனால் அந்த நம்பிக்கை கையில் என்ன செய்தது என்பதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். அவர்கள் வேதமான தோராவின் சுருளில் 3,04,805 எழுத்துகள். அதை எழுதுகிற எழுத்தர் நினைவிலிருந்து எழுதக் கூடாது. முன்னே மூலத்தை வைத்து, ஒவ்வொரு சொல்லையும் வாயால் சொல்லி, பிறகே இறகைத் தொடுவார். ஓர் எழுத்து மற்றதைத் தொடக் கூடாது. சுற்றிலும் வெறுந்தோல் தெரிய வேண்டும். ஓர் எழுத்துக் குறைந்தாலும் கூடினாலும் சுருள் முழுதும் வாசிப்புக்கு ஆகாது, திருத்தும்வரை மூடிவைக்க வேண்டும். இறைவன் பெயரை எழுதும்போது, அந்தப் பெயருக்காகவே எழுதுகிறேன் என்று நினைந்து எழுதுவார். அதில் பிழைத்தால் சுரண்ட முடியாது. அந்தத் தோலே ஒதுக்கப்படும். ஓர் எழுத்தை விட்டாலோ கூட்டினாலோ உலகத்தை அழித்தவனாவாய் என்று இரண்டாம் நூற்றாண்டில் ரபீ இஷ்மயேல் எழுத்தரான மெயீரை எச்சரித்ததாகத் தல்மூது சொல்கிறது. மூடநம்பிக்கை கையைச் சோம்பலாக்கும் என்பது பகுத்தறிவாளரின் வாதம். இங்கே அது கையை உலகிலேயே மிகக் கவனமான கையாக்கியிருக்கிறது.

இன்னொன்று. இறைவன் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்ற விதி அவர்களிடம் நாளடைவில் எபிரேய எழுத்துப் பட்ட எந்தத் தாளையும் எறியக் கூடாது என்றாகியது. பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் அறை ஒன்றில் நூற்றாண்டுக் கணக்காக அவை போய்ச் சேர்ந்தன. 1896–97 இல் சொலமன் ஷெக்டர் அங்கே போய் ஏறக்குறைய 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். வேதம் மட்டுமா அதில் இருந்தது? மங்களூரில் 1132 தொடக்கம் 1149 வரை வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற வியாபாரியின் கடிதங்கள், பித்தளைப் பட்டறைக் கணக்குகள், பாக்கு மிளகு ஏற்றிய கப்பல் செய்திகள், கிழிந்த தாளின் மறுபுறத்தில் கிறுக்கிய வீட்டுச் சாமான் பட்டியல்கூட அதில் இருந்தன. மொழி அறபு, எழுத்து எபிரேயம். எழுத்து வெறும் குறிதான் என்று அவர்கள் நினைத்திருந்தால், 12 ஆம் நூற்றாண்டு இந்துமாக்கடல் வணிகத்தைப் பற்றி நாம் இன்று அறிந்ததில் பெரும் பகுதி அடுப்பெரிக்கப் போயிருக்கும். வரலாற்றாசிரியர் இன்று பயன்படுத்தும் ஆதாரத்தைக் காத்துத் தந்தது, வரலாற்றாசிரியர் மூடநம்பிக்கை என்று சொல்லக்கூடிய ஒரு பயபக்தி.

வாவிக்கரையில் இதற்கு இணை தேட வெகுதூரம் போக வேண்டாம். கிழிந்த முஸ்ஹபைக் குப்பையில் போடாமல் மண்ணில் புதைக்கிற வழக்கம் முஸ்லிம் வீடுகளில் இன்றும் உண்டு. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றாத தமிழ்ப் பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. நடுக்கால ஜெர்மனி யூதர், எழுத்துத் தொடங்கும் பிள்ளைக்குப் பலகையில் எழுதிய எழுத்தின்மேல் தேன் தடவி நக்கவைத்தார்கள். நாங்கள் விசயதசமியன்று பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைத்து ஏடு தொடக்குகிறோம். அறபு எழுத்துக்கும் எபிரேய எழுத்துக்கும் எண் கொடுக்கிற முறை ஒரே வேரிலிருந்து வந்தது. அதனால்தான் பிஸ்மில்லாஹ்வின் கூட்டுத்தொகையான 786 இங்கே கடை முகப்பிலும் வள்ளத்தின் அணியத்திலும் நிற்பதுபோல, உயிர் என்ற சொல்லின் எபிரேயக் கூட்டுத்தொகை 18 என்பதற்காக யூதர் அன்பளிப்பைப் பதினெட்டின் மடங்காகக் கொடுக்கிறார்கள்.

சைவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. எழுத்து வெறும் குறி என்பதை ஏற்றால் அவர் சித்தாந்தத்தில் பாதியை மூட்டை கட்டிவைக்க வேண்டும். மெய்கண்ட சாத்திரம் பதினான்கில் ஒன்றான உண்மை விளக்கத்தில், மனவாசகங்கடந்தார் கூத்தனின் திருமேனியை ஐந்தெழுத்தாகவே காட்டுகிறார். உடுக்கை பிடித்த கை சிகரம், வீசிய கை வகரம், அஞ்சேல் என்ற கை யகரம், தீ ஏந்திய கை நகரம், முயலகன்மேல் ஊன்றிய அடி மகரம். ஐந்தையும் சிவம், அருள், உயிர், மறைப்பு, மலம் என்று வைத்து, உயிர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை எழுத்தின் வரிசையே சொல்லுமாறு அமைத்திருக்கிறார்கள். நகரம் முன்னே நின்றால் ஒரு நிலை, சிகரம் முன்னே வந்தால் வேறு நிலை. இது மொழியியல் அல்ல. எழுத்தின் வரிசையில் ஓர் உயிரின் முழுப் பயணத்தையும் வைத்துப் பார்க்கிற தியானம். இதை வகுப்பில் சித்தாந்தம் என்று மதிப்பெண் போட்டுப் படிப்பித்துவிட்டு, அதே ஐந்தெழுத்தைத் தகட்டில் கீறிக் குழந்தையின் அரையில் கட்டுகிற கிழவரை மாந்திரீகன் என்று கேலி செய்வது எந்த நேர்மையில் சேரும்? கதிர்காமத்தில் திருவிழா நாளில் யானை சுமந்து போகும் பேழைக்குள் இருப்பது சிலை அல்ல, ஆறெழுத்துப் பொறித்த எந்திரம் என்பது மரபு. ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. சின்னக் கதிர்காமம் என்று நாங்கள் சொல்லும் மண்டூரில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, ஓசையின்றிப் பூசை செய்கிறார். எழுதிய வடிவுக்குக் கொடுக்கும் மதிப்பும் சொல்லாத எழுத்துக்குக் கொடுக்கும் மதிப்பும் ஆகமம் தெரியாததால் வந்த குறை என்று சொல்லுகிறவர் எந்தக் கோயிலைப் பார்த்துப் பேசுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

தௌஹீத் தம்பிமாரின் வாதத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. இறைவனுக்கு உரியதைத் தகட்டுக்குக் கொடுக்காதே என்பது கனமான பேச்சு. ஆனால் அதைப் பேசுகிறவர் தம் ஆதாரத்தை முழுதாகச் சொல்ல வேண்டும். அவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் இப்னு தைமிய்யாவே (1263–1328), நோயாளிக்காகக் குர்ஆன் வசனத்தை ஆகுமான மையால் எழுதி, கழுவி, அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பது கூடும் என்று தம் தீர்ப்பில் சொல்லி, இமாம் அஹ்மதை அதற்குச் சான்று காட்டுகிறார். எங்கள் பக்கம் லெப்பை பீங்கானில் எழுதிக் கரைத்துக் கொடுத்தது அதிலிருந்து எவ்வளவு தூரம்? தூரம் இருக்கலாம். அறிஞர்களிடையே தகட்டைப் பற்றி வேற்றுமை இருந்தது, இருக்கிறது. வேற்றுமை உள்ள இடத்தில் ஒரு தரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் உம்மும்மாவை முஷ்ரிக், இணைவைத்தவர், என்பது ஆராய்ச்சி ஆகாது. தோராவிலும் இதையொத்த சடங்கு இருக்கிறது: மனைவிமீது ஐயங்கொண்ட கணவன் வரும்போது, குரு சாபத்தை இறைவன் பெயரோடு எழுதித் தண்ணீரில் கரைப்பார். தன் பெயர் அழிந்தாலும் பரவாயில்லை, புருசன் பெண்சாதிக்குள் சமாதானம் வரட்டும் என்று இறைவன் இடங்கொடுத்தான் என்பது ரபீமாரின் விளக்கம்.

இந்தச் சண்டையில் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருப்பது அறபுத் தமிழ். தமிழை அறபு எழுத்தில் எழுதுவதற்காக, அறபில் இல்லாத ட, ப, ள, ழ போன்ற ஒலிகளுக்கு இருக்கிற எழுத்துகளின்மேலும் கீழும் புள்ளி கூட்டிப் புது எழுத்துச் செய்தார்கள் நம் முன்னோர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அந்த எழுத்தில் எழுதியவை கடல் கடந்து இலங்கை வீடுகளுக்கு வந்தன. பெண்கள் அதில்தான் மார்க்கம் படித்தார்கள். தமிழ்த் தேசியம் பேசியவருக்கு அது அன்னியம். தூய மார்க்கம் பேசியவருக்கு அது கலப்படம். யூதர் சிதறிய நாடெல்லாம் அந்தந்த நாட்டு மொழியை எபிரேய எழுத்தில் எழுதினார்கள். யித்திஷும் லதீனோவும் அப்படிப் பிறந்தவை, இன்று பல்கலைக்கழகங்களில் அவற்றைக் கற்பிக்கிறார்கள். புனித எழுத்துக்குள் வீட்டு மொழியைக் குடியேற்றுவது மொழிக்குச் செய்த துரோகம் அல்ல. உம்மா பேசிய தமிழும் இறைவன் எழுத்தைத் தாங்கத் தகுதியுள்ளது என்று சொன்ன துணிவு அது.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் உண்மையிலேயே பலமுள்ளது. எழுத்தைப் புனிதமென்று கொண்ட அதே தமிழர்தான் ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். கரிவலம்வந்தநல்லூரில் பழுதான ஏடுகளை விதிப்படி நெருப்பில் இட்டுவிட்டதாகக் கோயிலார் சொன்னதைக் கேட்டு உ. வே. சாமிநாதையர் பட்ட துயரை நாம் அறிவோம். பயபக்தி காத்தது என்கிறாயே, அது கொன்றதும் உண்டே என்றால், உண்டுதான். ஆனால் அந்த விதியை உற்றுப் பாருங்கள். பழுதான ஏட்டைப் படியெடுத்த பின்னரே கழிப்பது பழைய முறை. படியெடுக்கிற கை நின்றுபோய், கழிக்கிற கை மட்டும் எஞ்சியபோது நேர்ந்த அழிவு அது. எழுத்தின்மேல் மதிப்புக் கூடியதால் ஏடு எரியவில்லை. எழுதுகிறவனுக்கு ஊரில் இடமில்லாமல் போனதால் எரிந்தது. எழுதுகிறவனை மந்திரவாதி என்று துரத்துகிற இன்றைய கேலியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பகுத்தறிவு ஆசிரியரிடம் ஒன்று கேட்கிறேன். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 97,000 நூல் என்பது கணக்கு. ஒவ்வோர் ஆண்டும் அதை நினைந்து பேசுகிறீர்கள், குரல் தழுதழுக்கிறது, தழுதழுக்கத்தான் வேண்டும். வெறும் குறிகளுக்காகவா அந்தத் துக்கம்? உரோமர் ரபீ ஹனினாவைத் தோராச் சுருளால் சுற்றி எரித்தபோது, என்ன காண்கிறீர் என்று மாணவர் கேட்க, தோல் எரிகிறது, எழுத்துகள் மேலே பறக்கின்றன என்று அவர் சொன்னதாகக் கதை. இதைச் சொன்னால் உங்கள் கண்ணும் கலங்கும். கலங்குகிற கண்ணுக்கு எழுத்து வெறும் குறி அல்ல. நூலகத்துக்குப் பொருந்துகிற உணர்ச்சி செட்டிபாளையத்து ஏட்டுக்கும் ஏறாவூர்க் கிதாபுக்கும் பொருந்தாது என்றால், உங்கள் அளவுகோல் பகுத்தறிவு அல்ல. நூலகம் உள்ளவனுக்கு ஒரு நீதி, கோயில் பெட்டியில் ஏடு உள்ளவனுக்கு ஒரு நீதி.

அப்படியானால் நூல் கட்டினால் காய்ச்சல் மாறும் என்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. காய்ச்சலுக்குப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. பிள்ளையை அங்கே கொண்டுபோகாமல் தகட்டை நம்பி இருத்திவைப்பவரை நான் மன்னிக்கமாட்டேன். பயந்த தாயிடம் ஆயிரக்கணக்கில் பணம் கறந்து, பக்கத்து வீட்டாள் செய்வினை செய்தாள் என்று பகை மூட்டுகிறவன் எங்கள் இரு கரையிலும் இருக்கிறான். அவனைப் பிடித்துப் பொலிசில் கொடுக்கட்டும். ஆனால் அவனுக்கும் பத்ததிக்காரருக்கும் நடுவில் கோடு போடத் தெரிய வேண்டும். கோடு போட்டவர் ஒருவர் இருந்தார். வைத்தியரும் மெய்யியலாளருமான மைமோனிடிஸ் (1138–1204), தகடெழுதி விற்கிறவர்களை வெறுத்தார். யூதர் வீட்டு வாசல்நிலையில் பதிக்கும் சுருளுக்குள் வானதூதர் பெயர்களைச் சேர்த்து எழுதி அதைத் தன் இலாபத்துக்கான தாயத்தாக்குகிறவனுக்கு மறுமையில் பங்கில்லை என்று தீர்ப்பெழுதினார். அதே மனிதர்தான் அந்தச் சுருளை எப்படி எழுத வேண்டும், எந்தத் தோல், எந்த மை, எத்தனை வரி என்று அணுவணுவாகச் சட்டம் வகுத்தார். மோசடியை வெறுத்ததற்காக எழுத்தின் புனிதத்தை அவர் விடவில்லை. எழுத்தின் புனிதத்தை நம்பியதால்தான் மோசடியை வெறுத்தார்.

எங்கள் மூன்று விமர்சகர்களிடமும் அந்த உழைப்பு இல்லை என்பதே என் குற்றச்சாட்டு. எந்தப் பத்ததியை வாசித்து அதைப் பிழை மலிந்தது என்றீர்கள்? எந்த இஸ்மு எழுதிய கொப்பியைத் திறந்து, எந்த வசனம் குர்ஆன், எது இடையில் சேர்ந்தது என்று பார்த்தீர்கள்? 1978 நவம்பர் சூறாவளியும், போரும், 2004 டிசம்பர் கடற்கோளும் இந்தக் கரைகளைத் தாண்டிப் போன பிறகு எஞ்சியிருப்பவை கொஞ்சம். அவை வண்ணக்கர்மாரின் கோயிற் பெட்டிகளிலும், மரைக்காயர் வீட்டு அலுமாரிகளிலும், செத்துப்போன அண்ணாவியாரின் மகன் கூரைத் தட்டிலும் கிடக்கின்றன. நூலகம் நிறுவனம் 2005 தொடக்கம் ஈழத்து எழுத்தை எண்ணிமத்தில் சேர்த்து வருகிறது. கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கிறது, தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது. படம் பிடிக்கக் கருவி உண்டு, பிள்ளைகள் உண்டு. ஓலை வாசிக்கவும் அறபுத் தமிழ் வாசிக்கவும் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, ஒரு பத்ததியையாவது ஒரு கிதாபையாவது எழுத்தெழுத்தாகப் படியெடுத்துக்கொண்டு வந்து, அதன் பிறகு இது அறியாமை என்று சொல்லுங்கள். அதற்குப் பதில் சொல்ல நான் ஆயத்தம்.